நாம் வேதக்காரர் என்று யார் சொல்ல வேண்டும்?

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் இளையோர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு அங்கே முழுசாகப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அவன் கேட்டது இதுதான். "அக்கா, காலேஜ்ல எந்த ஊருன்னு கேக்குறாங்க. ராமேஸ்வரம் பக்கம்னு சொன்னா, கோயில் ஊராச்சே, நீ எப்படி கிறிஸ்டியன்ங்கிறாங்க. ஊருக்கு வந்தா, கடலுக்குப் போகாதவனுக்கு இங்க என்ன பேச்சுங்கிறாங்க. பூசைக்கு வாரேன், பாட்டும் பாடுறேன். ஆனா மனசு ஒட்ட மாட்டேங்குது. நான் யாருக்கா?"

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "நீ கடவுளோட பிள்ளைப்பா, அதுல என்ன சந்தேகம்?" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டார். அவர் சொன்னது சத்தியம். தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த அன்றே அது உறுதியாகிவிட்டது என்று நானும் நம்புகிறேன். ஆனாலும் வளர்ந்த பிள்ளை ஒருவன் குரல் தழுதழுக்கக் கேட்கும்போது, மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த பதிலையே திரும்பக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடவுளின் பிள்ளை என்று அவன் காதால் கேட்டாயிற்று. வாழ்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள நாம் அவனுக்கு என்ன வழி வைத்திருக்கிறோம்?

நம் கரையில் அடையாளத்துக்குப் பஞ்சமே கிடையாது. படகின் அணியத்தில் சிலுவை, வண்டியில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், வீட்டுக்கு வீடு அந்தோணி, சவேரி, சூசை, ஆரோக்கியம். திருவிழா வந்தால் இளையோர் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை. எனக்கும் இதெல்லாம் பிடிக்கும். கொடியேறும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் இவையெல்லாம் நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைத்தான் சொல்லும். "நான் யார்?" என்று கேட்கிறவனுக்கு அது போதாது.

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில் வேதாளை வருகிறது. பஸ்ஸில் அந்த ஊரைக் கடந்து போகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்தோணி கிரிமினாலி என்ற பெயர் தெரியும்? இத்தாலி நாட்டுக்காரர், இயேசு சபைக் குரு. புனித சவேரியார் இந்தக் கரையின் பணிக்குப் பொறுப்பாக வைத்துவிட்டுப் போனவர். அந்தக் காலத்தில் வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியத் தளபதி, ராமேஸ்வரத்துக்கு யாத்திரை போகிறவர்களை வழிமறித்து வரி கேட்டான். அதில் மூண்ட பகையில் 1549-ல் படை திரண்டு வந்தது. கரையில் தோணிகள் நின்றன. கிரிமினாலி ஏறித் தப்பித்திருக்கலாம். அவரோ பெண்களையும் பிள்ளைகளையும் தோணிகளுக்கு அனுப்பிவைப்பதற்காகக் கரையிலேயே நின்றுவிட்டார். அங்கேயே ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அவருக்கு வயது 29. இயேசு சபையின் முதல் மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர், அவர்தான்.

இந்த வரலாற்றில் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துவது ஒன்று உண்டு. வழிமறித்து வரி கேட்ட தளபதியும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். கரையில் நின்று செத்தவரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். இரண்டு பேர் கழுத்திலும் சிலுவை தொங்கியிருக்கும். ராமேஸ்வரத்துக்கு நடந்து வந்த ஏழை யாத்திரிகன் தளபதியை மட்டும் பார்த்திருந்தால், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்றால் வழிப்பறி செய்கிறவன் என்றுதான் ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? நாம் யார் என்பதை நம் பங்குப் பதிவேடு முடிவு செய்வதில்லை. நம்மிடம் மாட்டிக்கொண்டவர்களும் நம்மிடம் உதவி கேட்டு வந்தவர்களும்தான் முடிவு செய்கிறார்கள்.

ஓரியூரை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண் எடுத்து நெற்றியில் பூசாதவர் நம்மில் யார்? போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் தலை அங்கே வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4-ம் தேதி. அதற்குக் காரணம் கோயிலில் நடந்த எதுவும் இல்லை, ஒரு வீட்டுக்குள் நடந்த மாற்றம். சேதுபதி குடும்பத்துத் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கினார், பல மனைவியரில் ஒருவரோடு மட்டும் வாழ்வது என்று முடிவு செய்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னருக்கு உறவு. அந்தக் கோபம்தான் அருளானந்தர் மேல் திரும்பியது. விசுவாசம் வீட்டுக்குள் நுழைந்ததும் அரசே ஆட்டம் கண்டது. (விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் கதி என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன். நாம் சொல்கிற கதையில் அவர்கள் பக்கம் வருவதே இல்லை. ஒரு பெண்ணாக எனக்கு இன்னும் அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.)

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அக்கா. அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. பிடிபட்ட செய்தி முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்தது, யாரோ எடுத்த மங்கலான போட்டோவாக. அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சட்டை அவருதுதான், மூஞ்சி தெரியல" என்றார். அதன் பிறகு எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எதுவும் அவருக்குத் தெரியாது. ஆதார் ஒரு பெயரில், ரேஷன் அட்டை இன்னொரு பெயரில், மீனவர் அட்டையில் ஞானஸ்நானப் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே நாயாய் அலைய வேண்டும்.

அந்த அக்காவுக்கு மனு எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? "நான் யாருக்கா" என்று கேட்ட அதே தம்பி. லீவுக்கு வந்திருந்தவன், திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனான். வரிசையில் நின்றான், ஜெராக்ஸ் எடுத்தான், அக்காவின் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அங்குமிங்கும் அலைந்தான். இதை அவன் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவனுக்குத் தோன்றியிருக்காது. அந்த அக்காதான் என்னிடம் சொன்னார். "கூடப் பொறந்தவன் இருந்தாக்கூட இப்படி வந்திருக்க மாட்டான் தாயி. நம்ம தம்பி" என்றார்.

தம்பி, நீ யார் என்று என்னைக் கேட்டாய். அந்த அக்கா வீட்டு வாசலில் போய்க் கேள். அங்கே பதில் இருக்கிறது. பூசையில் மனசு ஒட்டவில்லை என்று கவலைப்படுகிறாய். அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது உன் மனசு எங்கேயாவது அலைந்ததா? சகோதரன் உடையில்லாமல், சாப்பாடில்லாமல் நிற்கும்போது "போய் நன்றாக இருங்கள்" என்று வாயால் வாழ்த்தி அனுப்புவதில் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு தன் கடிதத்தில் கேட்கிறார். நீ வாயால் வாழ்த்தி அனுப்பவில்லை. அப்பத்திலும் இரசத்திலும் நீ தேடுகிற அதே ஆண்டவர்தான் அந்த வரிசையிலும் நின்றார். பூசையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. வரிசையில் நின்ற கால்வலியையும், அந்த அக்காவின் வீட்டுக்காரர் பெயரையும் எடுத்துக்கொண்டு பூசைக்கு வா என்கிறேன். காணிக்கை நேரத்தில் வைக்க உன்னிடம் ஏதாவது இருக்கும்.

என் சித்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசி எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன்னாலேயே விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த துணியை நாடாவாகச் சுற்றிக்கொள்வார், பாறையும் சிப்பியும் அறுக்காமல் இருக்க. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி எடுக்க வேண்டும். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததிலிருந்து, தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும் என்ற பயம் வேறு. சித்தி பக்தியில் பெரிய ஆள் கிடையாது. பூசைக்குப் பிரசங்கம் முடிந்துதான் வருவார், செபமாலையில் தேவ இரகசியங்களின் வரிசை இன்னமும் தடுமாறும். ஆனால் கூட வருகிறவர்களில் ஒருத்திக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, பாசி காய்ந்து எடை போடுகிற இடத்தில் சித்திதான் முதலில் தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளித் தனியாகப் போட்டார். ஒன்றும் பேசவில்லை. அடுத்தவரும் போட்டார், அதற்கடுத்தவரும் போட்டார். அவள் எழுந்து நடமாடும் வரைக்கும் எடை போட்ட நாளெல்லாம் ஒரு சாக்கு அவள் பெயரில் சேர்ந்தது. அந்தப் பெண் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். சித்தி அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வந்து நிற்கிற கரை இது. சித்திக்கு யாரும் நல்லிணக்கம் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர் எந்தத் தெரு வரைக்கும் போகும், எந்தத் தெருவுக்குத் திரும்பாது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்றெல்லாம் சாதி பார்க்கிற பங்குகள் இந்தத் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. தலித் மக்கள் ஞானஸ்நானம் வாங்கினால் 1950-ம் ஆண்டு ஆணைப்படி அட்டவணைச் சாதி உரிமையை இழக்கிறார்கள். அரசாங்கத்திடம் அதற்கு நியாயம் கேட்கிற நாமே கோயிலுக்குள் கயிறு கட்டினால், அதற்கு எந்த வேதத்திலும் இடமில்லை.

இனி எழுதப்போவது சிலருக்குக் கோபம் வரவழைக்கும். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் கிடையாது. இந்தக் கரையிலிருந்து நாம் போகிறோம், யாழ்ப்பாணம், நெடுந்தீவு பக்கமிருந்து அவர்கள் வருகிறார்கள். ஒரே மொழி, ஒரே பாட்டு, ஒரே சிலுவைப்பாதை. மறுநாள் பூசையில் சமாதானம் சொல்லிக் கை கூப்புகிறோம். காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் அந்தோணியார் என்று நம்பித்தான் இரண்டு கரையும் அவரிடம் போகிறது. அங்கே வருகிற அந்தக் கரை மீனவன் காணாமல் போனது என்று அவரிடம் எதை முறையிடுவான்? வலையைத்தான். ராத்திரி அவன் விரித்துவைத்த வலையை அறுத்துக்கொண்டு போவது யாருடைய இழுவைமடி? நம்முடையது.

கைதையும், படகைப் பறிப்பதையும், துப்பாக்கியையும் நான் நியாயப்படுத்தவில்லை. மேலே சொன்ன அக்காவின் கண்ணீரை நேரில் பார்த்தவள் நான். 2024 பிப்ரவரியில் நம் மீனவர்கள் சிறையில் கிடந்ததற்காகக் கச்சத்தீவுத் திருவிழாவையே ராமேஸ்வரத்தார் புறக்கணித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறு பக்கத்தையும் பாருங்கள். 2009 வரைக்கும் போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள் அவர்கள். திரும்பிக் கடலில் இறங்கியபோது, கடலடியை வழித்து, குஞ்சு குருமான் வரைக்கும் அள்ளிக்கொண்டு போகிற மடியோடு நம் படகுகள் நின்றன. இலங்கை 2017-ல் தன் கடலில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருஷம் நம் பக்கத்திலும் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் வந்தது. மாற்றம் மெதுவாகத்தான் நகர்கிறது. படகுக்கு மேல் இருக்கிற கடன் லேசானதில்லை, பாக் நீரிணையில் ஒரு நாள் தொழில் செய்து பழகியவர்களுக்கு நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது பழகவில்லை. எல்லாம் தெரியும்.

ஆனால் நம் பங்குகளில் இதைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிற ஒரு ஒப்புரவு வழிபாட்டில், அந்தக் கரைச் சகோதரனின் வலையைப் பற்றி யாராவது வாய் திறந்திருக்கிறோமா? அயலான் யார் என்று ஒருவர் கேட்டதற்கு ஆண்டவர் சமாரியனின் கதையைச் சொன்னார். நமக்கு அந்த அயலான் தமிழ் பேசுகிறவன், செபமாலை சொல்கிறவன், ஒரு ராத்திரி ஓட்டத்தில் எட்டிவிடுகிற தூரத்தில் இருக்கிறவன். இதைவிடச் சுலபமாக ஆண்டவர் நமக்கு அடையாளம் காட்டியிருக்க முடியாது.

பங்குப் பேரவையில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன், இங்கேயும் சொல்லி வைக்கிறேன். திருவிழா வரியில் வாணவேடிக்கைக்கு ஒதுக்குகிற பணத்தில் பாதியைச் சிறையில் இருப்பவர்களின் வீட்டு அரிசிக்கும் பிள்ளைகளின் ஃபீஸுக்கும் கொடுக்க வேண்டும், அது எந்தத் தெருவாக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும். அடுத்து, கச்சத்தீவுக்குப் போகும்போது நம் படகுக்காரர்கள் நாலு பேர், அந்தக் கரை மீனவர்கள் நாலு பேர், இரு பக்கத்துச் சாமியார்கள், எல்லாரும் பூசை முடிந்ததும் அந்தக் கோயில் நிழலிலேயே உட்கார்ந்து வலையைப் பற்றிப் பேச வேண்டும். 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர் பிரதிநிதிகள் பேசினார்கள், அது அரசாங்கங்கள் கூட்டிய பேச்சு. இது நாமே கூட்டுகிற பேச்சாக இருக்கட்டும்.

விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன்மார் கமெண்டில் வாருங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, படிப்பேன். உங்கள் கடன் எவ்வளவு, டீசல் செலவு எவ்வளவு, ஆழ்கடலுக்கு மாற எது தடுக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். பேரவைக்குப் போகும்போது அதையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.