ஹைபிரிட்டும் மாரி அண்ணன் பஸ்ஸும்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் மாலை 7 மணி சிஃப்ட் முடிந்து சுங்கைப்பட்டாணிக்குக் கிளம்பும் ஃபேக்டரி பஸ். ஓட்டுவது மாரி அண்ணன், வயது 54. அவருக்குப் பக்கத்து சீட்டில் வேலு, டெக்னீஷியன், வயது 38. தன் மைவி காடி (கார்) வர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டதால் ஒரு வாரமாக பஸ்ஸில் வருகிறவர். நான் மூன்றாவது வரிசையில் தூங்குகிறவன்போல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஏர்கான் தண்ணீர் தலையில் சொட்டாத சீட்டு அந்த பஸ்ஸில் அது ஒன்றுதான், முழித்திருந்தால் யாருக்காவது விட்டுக்கொடுக்க வேண்டி வரும்.

மாரி: மைவி எப்போது கைக்கு வருகிறதாம்?

வேலு: வரட்டும் அண்ணே, வந்ததும் தள்ளிவிடப் போகிறேன். பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

மாரி: எதைப் பார்த்தாய், காடியையா விலையையா?

வேலு: ரெண்டையும்தான். அதே காடி பெட்ரோலில் எடுத்தால் 15 ஆயிரம் வெள்ளி குறைவு. ஆனால் அந்த 15 ஆயிரத்தையும் எண்ணெயிலேயே எடுத்துவிடலாம் என்று சேல்ஸ்மேன் கணக்குப் போட்டுக் காட்டினார் பாருங்கள், கால்குலேட்டரை அவர் தட்டின வேகத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாரி: சொல்லு, எனக்கும் கலங்குகிறதா பார்ப்போம். பாலம் ஏறியாச்சு, நேரத்துக்கு என்ன பஞ்சம்.

(அவர் சொன்னது நியாயம்தான். பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். அன்று கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு விளக்குதான் தெரிந்தது. தீவுக்குள் போகும்போதுதான் டோல், வெளியேறுவது இலவசம். இலவசம் என்றால் நம் ஜனங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள் அல்லவா.)

வேலு: வீட்டிலிருந்து ஃபேக்டரி 60 கிலோமீட்டர். போக வர 120. மாதம் 22 நாள் என்றால் 2,640. மைவி லிட்டருக்கு 15 ஓடுகிறது, அதற்கு 176 லிட்டர் வேண்டும். ஹைபிரிட் 27 ஓடும், 98 லிட்டர் போதும். மிச்சம் 78 லிட்டர். அடையாள அட்டையைச் செருகி மானிய விலை 1.99 வெள்ளிக்குப் போட்டாலும் மாதம் 155 வெள்ளி கையில் நிற்கிறது. எட்டு வருஷத்தில் 15 ஆயிரம் திரும்பி வந்துவிடும். லோன் ஒன்பது வருஷம். கடைசி ஒரு வருஷம் சுத்தமான லாபம்!

மாரி: அந்தக் கடைசி வருஷ லாபத்தில் எனக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடு. அது சரி, மாதம் 22 நாள் யார் வேலைக்குப் போவது?

வேலு: நான்தான்.

மாரி: நீயா? 12 மணி நேர சிஃப்ட், நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு. மாதம் 15 நாள்தானே இந்த ரோட்டில் உன்னைப் பார்க்கிறேன்?

வேலு: அவர் 22 என்று கேட்டார், நான் தலையாட்டிவிட்டேன். 15 நாள்தான் வேலை என்று சொன்னால் லோன் கொடுக்க மாட்டார்களோ என்று ஒரு பயம் அண்ணே.

மாரி: பயந்து பயந்தே ஏழு நாள் அதிகமாக உழைத்துவிட்டாய். அந்த 27, அது யார் ஓட்டிப் பார்த்தது?

வேலு: புரோஷரிலேயே இருக்கிறது.

மாரி: புரோஷர் ஓட்டிப் பார்த்திருக்கிறது, சரி. தம்பி, அது சோதனைக்கூடத்தில் ரோலர் மேல் காடியை நிறுத்தி ஓட்டி எடுக்கிற கணக்கு. அங்கே லாரி இல்லை, மழை இல்லை, முக்கியமாக நீ இல்லை. 22 போட்டுக்கொள், அதுவே உனக்கு நான் காட்டுகிற மரியாதை. அப்புறம் இன்னொன்று, விலையை ஒப்பிடும்போது புது பெட்ரோல் காடி, எண்ணெயை ஒப்பிடும்போது மட்டும் உன் பழைய மைவியா? புதுசு 15ஐ விடக் கூடத்தான் ஓடும்.

வேலு: (சற்று யோசித்து) அட, ஆமாம்.

மாரி: பரவாயில்லை, 15 என்றே இருக்கட்டும். உன் கால் பட்டால் புதுக் காடியும் ஒரே மாதத்தில் மைவி ஆகிவிடும்.

(பஸ் நாலடி நகர்ந்தது. நின்றது. கூரையிலிருந்து ஒரு சொட்டு வேலுவின் பிடரியில் விழுந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை, ஒரு வாரத்தில் பழகிவிட்டார்.)

வேலு: அண்ணே, உங்களுக்கு அந்த டெக்னாலஜியே புரியவில்லை. பிரேக் மிதிக்கிறோம், காடி வேகம் குறைகிறது. அந்த வேகம் எங்கே போகிறது? சும்மா சூடாகிக் காற்றில் போகிறது. ஹைபிரிட்டில் மோட்டார் அதைப் பிடித்து மின்சாரமாக்கிப் பேட்டரியில் போட்டுவிடும். திரும்பக் கிளம்பும்போது அந்த மின்சாரத்திலேயே உருளும், இஞ்சின் தூங்கிக்கொண்டே இருக்கும்.

மாரி: புரியாமல் என்ன. நான் இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ஒரு தீய்ந்த வாசனை வரும் பார், அந்த வாசனையைத்தான் உன் காடி சேர்த்து வைக்கிறது. நல்ல விஷயம்தான். நீ சுங்கைப்பட்டாணியில் ஏறினால் சுங்கை டுவா டோல் வரை எத்தனை தடவை பிரேக் மிதிப்பாய்?

வேலு: ஹைவேயில் எதற்கு மிதிக்க? கேமரா இருக்கிற இடத்தில் ஒரு தடவை. தாண்டினதும் திரும்ப அமுக்கிவிடுவேன்.

மாரி: அப்படியென்றால் உன் பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிறது அந்தக் கேமராதான். ஒன்று தெரிந்துகொள், அந்தப் பேட்டரி மின்சாரக் காடியில் இருக்கிறது மாதிரி பெரிசு இல்லை. சுமார் ஒரு யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். வீட்டு ரைஸ் குக்கரில் ரெண்டு மூன்று உலை வைத்தால் காலி. நிற்கிறதும் நகர்கிறதுமாக இருந்தால் அது நிறையும், வடியும், நிறையும். ஒரே சீராக 110இல் போனால் அதற்கு என்ன வேலை? இஞ்சின்தான் இழுக்க வேண்டும், பேட்டரி பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

வேலு: முழுசாக வேடிக்கை பார்க்காது அண்ணே. அந்த இஞ்சினே வேறு மாதிரி. அட்கின்சன் என்று ஓர் இங்கிலீஷ்காரர் 1882இல் காப்புரிமை எடுத்த யோசனை. காற்றை அமுக்குகிற தூரத்தைவிட, எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளுகிற தூரம் நீளம். எரிச்சதில் கொஞ்சம் கூடுதலாகக் கறந்துவிடலாம். தனியாக விட்டால் இழுப்பு குறைவு, அதற்குத்தான் மோட்டார் துணை. அதனால் ஹைவேயிலும் மிச்சம் உண்டு.

மாரி: உண்டு என்பதால்தானே 22 கொடுத்தேன். இல்லையென்றால் 18தான் கொடுத்திருப்பேன்.

வேலு: (வெளியே கையை நீட்டி) அதை விடுங்கள், இதோ ஜாம்! கண் முன்னால் நிற்கிறது! இந்த ஜாமில் உங்கள் டீசல் இஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கிறது. ஹைபிரிட் இங்கே பெரும்பாலும் இஞ்சினையே எழுப்பாது.

மாரி: இந்த ஜாம் உண்மை. ஆனால் இது உன் ஜாமா? பகல் சிஃப்டில் காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாய், பாலத்துக்கு முன்னால் பிறை ஊரில் கொஞ்சம் இடிக்கும், பாலத்தில் ஓடிவிடலாம். மாலையில் இப்படி மாட்டிக்கொள்கிறாய், சரி. நைட் சிஃப்ட் வந்தால்? மாலை 6 மணிக்கு ஊரே தீவை விட்டு வெளியே போகும்போது நீ உள்ளே வருகிறாய். காலையில் ஊரே உள்ளே வரும்போது நீ வெளியே போகிறாய். எதிர்ப்பக்கம் நிற்கிற காடிகளைப் பார்த்து நீ சிரித்துக்கொண்டே போனதை நானே பார்த்திருக்கிறேன்.

வேலு: அன்று ரேடியோவில் ஜோக் ஓடிக்கொண்டிருந்தது அண்ணே.

மாரி: நாலு பயணத்தில் ஒன்றில்தான் நல்ல ஜாம். மற்ற மூன்றும் பச்சை ஹைவே. இப்போது போடு கணக்கு. மாதம் 15 நாள், 1,800 கிலோமீட்டர். 15 ஓடினால் எத்தனை லிட்டர்?

வேலு: 120.

மாரி: 22 ஓடினால்?

வேலு: கிட்டத்தட்ட 82. மிச்சம் 38. காசாக... (கைப்பேசியைத் தட்டுகிறார்) மாதம் 75 வெள்ளி. 15 ஆயிரத்தை 75ஆல் வகுத்தால் 200 மாதம். பதினாறு வருஷம் சொச்சமா!

மாரி: அப்போது உனக்கு 54. இப்போது என் வயது. என் முடியைப் பார்த்துக்கொள்.

(வேலு நிஜமாகவே பார்த்தார். நானும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பார்க்க அங்கே அதிகம் ஒன்றும் இல்லை.)

வேலு: பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி இருக்கிறது.

மாரி: கிலோமீட்டர் எல்லை உண்டா, கேட்டாயா? சிலதில் உண்டு, சிலதில் இல்லை. வருஷம் வேலைக்கு மட்டுமே 21,600 ஓடுகிறாய், மாமியார் வீட்டுக்குப் போவது தனி. சின்ன எழுத்தில் போட்டிருப்பான், படி. 2013 கடைசி வரை ஹைபிரிட்டுக்கு இறக்குமதி வரி, கலால் வரி ரெண்டும் கிடையாது என்றார்கள் இல்லையா, அந்தச் சமயத்தில் என் மச்சினன் ஒன்று எடுத்தான். நன்றாகத்தான் ஓடியது. வாரண்டி முடிந்த மறு வருஷம் பேட்டரி படுத்தது, மாற்றுகிற விலையைக் கேட்டு இவனும் பக்கத்திலேயே படுத்துவிட்டான். இப்போது அதற்குள் கோழி அடைகாக்கிறது.

வேலு: அப்போது மிச்சம் பிடிக்க வேறு வழியே இல்லையா?

மாரி: இருக்கிறது, இலவசமாகவே. ஹைவேயில் எவ்வளவில் போவாய்?

வேலு: 110தானே லிமிட்.

மாரி: லிமிட்டைக் கேட்கவில்லை.

வேலு: ஒரு... 130.

மாரி: டெக்னீஷியன்தானே நீ, 90க்கும் 130க்கும் காற்று தடுக்கிற பலம் எவ்வளவு வித்தியாசப்படும், சொல்லு.

வேலு: வேகத்தின் வர்க்கம் அண்ணே. கிட்டத்தட்ட... (குரல் இறங்குகிறது) ரெண்டு மடங்கு.

மாரி: பஸ்ஸுக்கு 90. நான் 90இலேயே போகிறேன். நீ ஹாரன் அடித்து, லைட் அடித்து, என்னைத் தாண்டிப் பறந்து போய், சுங்கை டுவா டோலில் எனக்கு ரெண்டு காடி முன்னால் நிற்கிறாய். அந்த ரெண்டு காடிக்காக நீ கொட்டுகிற எண்ணெய் இருக்கிறதே, எந்த ஹைபிரிட்டும் அதைத் திருப்பித் தராது. 100இல் ஒரு மாதம் ஓட்டிப் பார். மைவியே 18 காட்டும்.

வேலு: 100இல் போனால் பின்னால் வருகிறவன் லைட் அடிப்பானே.

மாரி: இடது பக்கம் போ. அங்கே நான் இருப்பேன், பேசிக்கொண்டே போகலாம்.

(இப்படி ஒருவர் நம் ஆசையில் ஓட்டை போடும்போது எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாலத்துக்கு நடுவில், கீழே கடல் இருக்கும்போது, எங்கே போவது? நல்லவேளை, வேலுவின் கைப்பேசி அடித்தது. மனைவி. காதில் வைத்தால் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.)

குரல்: எங்கே இருக்கிறீர்கள்?

வேலு: பாலத்தில். வீட்டுக்கு வர ஒன்பதாகும். இங்கே பார், அந்த ஹைபிரிட் வேண்டாம் போலிருக்கிறது. மாரி அண்ணன் கணக்குப் போட்டார், காசு திரும்ப வர பதினாறு வருஷம் ஆகுமாம்.

குரல்: காசு கிடக்கட்டும். நான் ஒன்று கேட்கச் சொன்னேனே, கேட்டீர்களா? ஜாமில் இஞ்சின் நின்றுபோனால் ஏர்கானும் நின்றுவிடுமா?

வேலு: அதெல்லாம் நிற்காது. அதில் ஏர்கான் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, பேட்டரி மின்சாரத்தில் ஓடுகிறது. இஞ்சின் தூங்கினாலும் குளுகுளு என்று வரும். பேட்டரி இறங்கினால் இஞ்சின் அதுவாக எழுந்து கொஞ்சம் சார்ஜ் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும்.

குரல்: அப்படியென்றால் வாங்குங்கள்.

(லைன் துண்டிக்கப்பட்டது. மாரி அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நின்றால் சூடு, நகர்ந்தால் ஈரம் என்று வீசுகிற தன் ஏர்கான் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார். அதை அசைத்தார். ஒரு தட்டு தட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம், கழுத்து, ஸ்டீயரிங் எல்லாம் துடைத்தார். முன்னால் இருந்த லாரி நாலடி நகர்ந்தது, இவர் நகரவில்லை, பின்னாலிருந்து ஹாரன்.)

வேலு: அண்ணே, நகருங்கள்.

மாரி: ம்.

வேலு: என்ன யோசனை?

மாரி: உனக்கு மாதம் 15 நாள். நாலில் ஒரு தடவைதான் ஜாம். எனக்கு மாதம் 26 நாள், காலையில் உள்ளே ஒரு டிரிப், மாலையில் வெளியே ஒரு டிரிப், ரெண்டும் இதே பாலம், ரெண்டும் இதே ஜாம்.

வேலு: அதற்கு?

மாரி: கணக்குப் பார்த்தால் அது எனக்கு என்றே செய்த காடி.

வேலு: உங்களுக்கு எதற்கு அண்ணே காடி? நீங்கள் நாள் முழுக்க பஸ்ஸில்தானே இருக்கிறீர்கள்?

மாரி: அதைத்தான் சொல்ல வருகிறேன். நாளைக்கு உன் சேல்ஸ்மேனுக்குப் போன் போட்டு, அது 44 சீட்டில் வருமா என்று கேள்.