பைபிள் பரிசு கொடுக்கப் போகிறீர்களா? யாருக்கு என்று முதலில் பாருங்கள்

திடப்படுத்தல், கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று எது வந்தாலும் பைபிள் வாங்கிக் கொடுப்பது நம் நீலகிரிச் சபைகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் கடையில் பார்ப்பதெல்லாம் ஜிப் கவரும் பொன் விளிம்பும்தான். உள்ளே இருக்கிற தமிழ் அந்த ஆளுக்கு ஒத்துவருமா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய திருப்புதல். 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்புதான் அதற்கு அடிப்படை. சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்கிற பாட்டிக்கு வேறு எதையும் கொடுக்காதீர்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று சொல்லியே பழகிய வாய்க்கு, கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தின் "ஆண்டவரே என் ஆயர்" அந்நியமாகத்தான் இருக்கும். அவருக்குத் தேவை பெரிய எழுத்து, அவ்வளவுதான். மூடுபனி நாளில் காலை பத்து மணிக்கே லைட் போடுகிற வீட்டில் 8 பாயின்ட் எழுத்தை எப்படி வாசிப்பார்? 12க்குக் குறையாமல் பாருங்கள். புத்தகம் கனக்கும், மேட்டில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஏற முடியாது. வீட்டுக்கு ஒன்று, கைக்குச் சின்னதாக ஒன்று.

அதையே ஊட்டியிலோ குன்னூரிலோ இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால்? பத்துக் கட்டளையிலேயே தடுக்கும். யாத்திராகமம் 20:5இல் "எரிச்சலுள்ள தேவன்" என்று இருக்கிறது. இன்றைய தமிழில் எரிச்சல் என்றால் சிடுசிடுப்பு, சலிப்பு. அங்கே சொல்லப்படுவது அதுவல்ல. தனக்குரிய அன்பை இன்னொருவருக்குப் பங்குபோடப் பொறுக்காத மனம் அது. எண்ணாகமம் 5இல் மனைவிமேல் சந்தேகப்படுகிற கணவனுக்கும் இதே சொல்தான் வருகிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால், கடவுள் எப்போதும் கடுகடுவென்று இருப்பார் என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். இந்த வயதுக்கு எளிய தமிழ்ப் பதிப்பு எதையாவது கொடுங்கள். படுகர் மொழியான படுகு பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே. அவர்களுக்குத் தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி. வடமொழி நெடி அடிக்கிற நடையைவிடப் பாடப்புத்தக நடைதான் பக்கம்.

அதற்காகப் பழையதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பிரசங்கம் தயாரிக்கிறவருக்கு அதில் ஒரு வசதி உண்டு. உடன்படிக்கைப் பெட்டியின் மூடி அதில் "கிருபாசனம்". ரோமர் 3:25இல் இயேசு "கிருபாதாரபலி". கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்தத் தொடர்பு தமிழிலும் காதில் விழுகிறது. திருவிவிலியத்தில் முன்னது "இரக்கத்தின் இருக்கை", பின்னது "கழுவாய்". இரண்டும் தெளிவான தமிழ்தான், ஆனால் ஒன்று மற்றதை ஞாபகப்படுத்தாது. பிரசங்கிக்கிறவர் மேஜையில் இரண்டும் இருக்கட்டும்.

கத்தோலிக்க வீட்டுக்கு 1995இல் வந்த திருவிவிலியம். வாங்கும்போது பொருளடக்கத்தில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் இருக்கிறதா என்று பாருங்கள்; 66 நூல்தான் இருந்தால் அவர்களுக்கு அது போதாது, 73 வேண்டும். கணவர் சிஎஸ்ஐ, மனைவி ஆர்சி (கத்தோலிக்கர்) என்றால் ஆளுக்கொன்று வாங்குவதே சண்டையில்லாத வழி. சேர்ந்து வாசிக்கும்போது 1 யோவான் 5:7இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வரி பழைய திருப்புதலில் இருக்கும், திருவிவிலியத்தில் இருக்காது. யாரும் வெட்டி எடுத்துவிடவில்லை. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரியே கிடையாது.

ஸ்டடி பைபிள் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: புதிதாக வாசிக்கத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம். பக்கத்தில் பாதி குறிப்பு. கண் வசனத்தைவிட்டு அடியில் போய் நிற்கும்; கொஞ்ச நாளில் குறிப்பே வசனம் மாதிரி ஆகிவிடும். அந்தக் குறிப்பு யாரோ ஒருவருடைய உபதேசம். வாங்குகிறவர் மூன்று இடம் பார்க்கட்டும்: அப்போஸ்தலர் 2இல் அந்நியபாஷை, ரோமர் 9இல் தெரிந்துகொள்ளுதல் (கடவுள் சிலரைத் தேர்ந்தெடுப்பது), வெளிப்படுத்தல் 20இல் ஆயிரம் வருஷம். எழுதினவர் எந்தப் பக்கம் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒத்தவாக்கியம் (அதே கருத்து வருகிற மற்ற வசனங்களின் எண்) மட்டும் உள்ள பைபிளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வசனத்தை வசனத்தோடு சேர்த்துப் பார்க்கத்தான் அது.

கடைசியாக, அந்த ஜிப் கவர். கூடலூர் மழையில் நனைந்த பைபிளை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டினால் ஈரம் வெளியே போகாது; மெல்லிய தாள் அலை அலையாகச் சுருங்கும், ரெக்ஸினில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் கவரைக் கழற்றிவிட்டு, புத்தகத்தை விரித்து நிற்கவைத்துக் காயவிடுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், முதுகுப் பசை விட்டுவிடும்.