கொரோனாவில் தொடங்கியதல்ல

“2020இல் கொரோனா வரும்வரை சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள் கணினிப் பக்கமே போகவில்லை, கட்டாயப்படுத்தினால்தான் மாறுவார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டும் தவறு, முடிவும் தவறு.

கல்வி அமைச்சின் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டமே 1997இல் வந்துவிட்டது. எஸ்எல்எஸ் (Student Learning Space) என்ற அமைச்சின் இணையக் கற்றல் தளம் 2018இலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. வீட்டிலிருந்து படிக்கும் நிலை வந்தபோது ஆசிரியர்கள் நுழைந்தது அந்தத் தளத்தில்தான். கொரோனா வேகப்படுத்தியது, அது உண்மை. உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற இலக்கு 2028இலிருந்து 2021க்கு முன்தள்ளப்பட்டது.

தமிழாசிரியர்களைச் சொல்வதென்றால் இன்னும் பின்னால் போகவேண்டும். தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி யார்? இங்கே ஆசிரியராக இருந்து, அப்புறம் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இதே ஊரில்தான். (இதையெல்லாம் நாமே மறந்துவிடுகிறோம்!)

சரி, இன்று தயங்கும் ஆசிரியர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் பயத்தால் அல்ல, நேரமில்லாததால். புதுச் செயலி ஒன்றைப் பாடத்தோடு பொருத்திப் பார்க்க ஓய்வான ஒரு மணி நேரம் வேண்டும். பக்கத்து வகுப்பில் அதை ஏற்கெனவே பயன்படுத்தும் ஒருவர் கூடவே உட்கார்ந்து காட்டவேண்டும். கட்டாயச் சுற்றறிக்கை அனுப்பினால் செயலியைத் திறப்பார்கள், அவ்வளவுதான்.