லாஸ் ஏஞ்சலிஸ் லாபக் கணக்கு: ஒரு திருத்தம்

"1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் நடத்தி லாபம் பார்த்தது, எந்த நகரம் நடத்தினாலும் காசு வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. கையில் மிஞ்சியது 20 கோடி டாலருக்கும் மேல். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

அந்த முறை நடத்தக் கேட்டிருந்த டெஹ்ரான் விலகிவிட்டதால் களத்தில் நின்றது அந்த ஒரு நகரம்தான். அதனால் பேரம் படிந்தது: நஷ்டம் வந்தால் நகராட்சி ஈடுகட்ட வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையையே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தளர்த்தியது. பிரதான அரங்கம் 1923-லேயே கட்டியது. வீரர்கள் தங்கியது பல்கலைக்கழக விடுதிகளில். புது நீச்சல் குளத்துக்கு மெக்டொனால்ட்ஸ் பணம் போட்டது. நாலு நகரங்கள் முட்டி மோதும்போது இப்படிப் பேரம் பேச வழியே இல்லை.

இன்னொன்று, 'லாபம்' என்று அறிவிப்பது பெரும்பாலும் ஏற்பாட்டுக் குழுவின் கணக்கை மட்டும். டிவி உரிமை, டிக்கெட், ஸ்பான்சர் எல்லாம் அதில் வரவு. போட்டி நடத்துவது செலவு. அரங்கமும் ரயிலும் சாலையும் வேறு பேரேடு. லண்டன் 2012 குழு கையைக் கடிக்காமல்தான் முடித்தது. ஆனால் 2005-ல் சுமார் 240 கோடி பவுண்டு என்று சொன்ன பொதுநிதிச் செலவு, 2007-ல் 930 கோடி ஒதுக்கீடாக வீங்கியது. முதல் மதிப்பீட்டில் வாட் வரியே சேரவில்லை. பாதுகாப்புச் செலவையும் குறைத்துப் போட்டிருந்தார்கள்.

மான்ட்ரியல் கதை தெரியுமே. 1976-ல் அங்கே ஒலிம்பிக் முடிந்தது. அரங்கத்தின் கூரை 1987-ல்தான் வந்தது. சிகரெட் வரியையும் போட்டு, அந்த ஒலிம்பிக்கின் கடனை அடைத்து முடித்தபோது 2006.