465 பவுண்டு தானேன்னு கட்டிடாதீங்க

எங்க சித்தி பையன் போன மாசம் பழைய ரூம்ல விட்டுட்டு வந்த குக்கரை எடுக்கப் போனான். லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஆறு பசங்க சேர்ந்து இருந்த வீடு, இவன் அங்கேருந்து காலி பண்ணி எட்டு மாசம் ஆச்சு. ஷூ ரேக் மேல பீட்சா கடை நோட்டீஸ், எப்பவோ குடியிருந்தவங்க பேருக்கு வந்த பேங்க் லெட்டர்னு ஒரு குவியல், அதுக்கு நடுவுல இவன் பேருக்கு நாலு கவர். குக்கரையும் கவரையும் தூக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வந்துட்டான். உட்காரக்கூட இல்ல. "அக்கா, எனக்கு கோர்ட்ல தண்டனை குடுத்துட்டாங்களாம்க்கா"ன்னான், கை நடுங்குது பையனுக்கு.

நாலையும் பிரிச்சு தேதி வாரியா டேபிள்ல அடுக்கினேன். முதல் கவர் ரயில் கம்பெனி விளக்கம் கேட்டு அனுப்பினது. ரெண்டாவது கேஸ் போட்டிருக்கோம், 21 நாளைக்குள்ள பதில் சொல்லுன்னு வந்த நோட்டீஸ். மூணாவது தீர்ப்பு. ஃபைன் 220 பவுண்டு, அதுக்கு மேல சர்சார்ஜ் 88, கம்பெனியோட செலவுக்கு 150, டிக்கெட் காசு 7.40, ஆக மொத்தம் 465 பவுண்டு 40 பென்ஸ். நாலாவது, நீ கட்டல, இனி சம்பளத்துல பிடிப்போம் இல்ல வீட்டுக்கு ஆள் அனுப்புவோம்னு.

அவன் பண்ணின தப்பு இதுதான். டிக்கெட்டை ஃபோன்ல ஆப்ல எடுத்திருக்கான், இறங்கி கேட்டுக்கு வர்றப்போ சார்ஜ் போயிடுச்சு, காட்ட முடியல. டிக்கெட் செக் பண்றவர் பேரும் அட்ரஸும் எழுதிக்கிட்டார். அன்னைக்கு இருந்த அட்ரஸைத்தான் உண்மையா குடுத்தான். ரெண்டு வாரத்துல வீடு மாறிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

"பேசாம கட்டிடறேன்க்கா, கோர்ட்டுன்னாலே பயமா இருக்கு, அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க." இதைத்தான் அவன் முதல்ல சொன்னான். இந்தப் பதிவை எழுதறதே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஏன்னா இங்க நம்ம பசங்க பத்துல எட்டு பேர் இதைத்தான் சொல்வாங்க, பெரியவங்களும் இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. கோர்ட் படி ஏறாத குடும்பம், காசோட போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு. இங்க தலைப்பாகையோட போகாதுங்க. காசு கட்டினா ஃபைன்தான் தீரும், தண்டனை உன் பேர்ல அப்படியே நிக்கும். ஸ்டேஷன்லயே போடற பெனால்டி ஃபேர் வேற, அது அபராதக் கட்டணம். இது மாஜிஸ்ட்ரேட் கோர்ட் கிரிமினல் தண்டனை. நாளைக்கு விசாவை நீட்டிக்கிறப்போ, பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) போடுறப்போ, சிட்டிசன்ஷிப் பாரத்துல எல்லாம், உனக்கு தண்டனை ஏதாவது உண்டான்னு ஒரு கேள்வி வரும். வேலைக்குப் போற இடத்துல ஃபைன் தண்டனை ஒரு வருஷத்துல காலாவதி ஆயிடும், பெரும்பாலான வேலைக்கு சொல்லத் தேவையில்ல, ஆனா இமிக்ரேஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது. இதுல இன்னும் கொடுமை என்னன்னா, இவன் அந்த குக்கரை எடுக்கப் போகலைன்னு வைங்க, தண்டனை இருக்கறதே தெரியாம "இல்ல"ன்னு டிக் பண்ணியிருப்பான், அதை அவங்க மறைச்சதா எடுத்துக்கிட்டா பையனோட எதிர்காலம் என்ன ஆகும்? நினைச்சாலே எனக்கு வயிறு கலங்குது.

சரி, ஆள் இல்லாமலே எப்படி தண்டனை குடுக்கறாங்க? இதுக்கு சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர்னு பேர். 2015ல இருந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் இருக்கு (ஸ்காட்லாந்து சட்டம் தனி). ஒரே ஒரு மாஜிஸ்ட்ரேட், பக்கத்துல ஒரு சட்ட ஆலோசகர், பேப்பரை மட்டும் பார்த்து தீர்ப்பு. கோர்ட் ஹால் கிடையாது, பொதுமக்கள் பார்க்க முடியாது, கேஸ் போட்டவங்களும் வர வேண்டியதில்ல. 21 நாளைக்குள்ள உன்கிட்ட இருந்து பதில் வரலைன்னா நீ இல்லாமலே முடிச்சுடலாம். நோட்டீஸை போஸ்ட் பண்ணினதுக்கு அத்தாட்சி இருந்தா போதும், உன் கைக்கு வந்துச்சான்னு யாரும் தேடிப் பார்க்கறதில்ல. உன் வருமானம் என்னன்னு நீ சொல்லாததால வாரம் 440 பவுண்டு சம்பாதிக்கிறதா அவங்களே எடுத்துக்கிட்டு அதுல பாதியை ஃபைனா போடறாங்க, அந்த 220 அங்கேருந்துதான் வருது. பார்ட் டைம் வேலை பார்த்துட்டு படிக்கிற பையனுக்கும் அதே 440தான். நம்ம ஊர்ல சிவில் கோர்ட்ல எக்ஸ் பார்ட்டி ஆர்டர்னு சொல்வாங்க இல்ல, அந்த மாதிரிதான், ஆனா இது கிரிமினல்.

இந்த முறை எவ்வளவு தூரம் தப்பா போகும்னு ஊரே பார்த்துச்சு. ரயில் கம்பெனிங்க இந்த முறையில பைலா (ரயில்வேக்குன்னு இருக்கற துணை விதி) கேஸ் போடலாம்னு 2016ல அனுமதி குடுத்தாங்க. பைலா மட்டும்தான். ஆனா பல கம்பெனிங்க 1889ம் வருஷத்து ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் கீழ வர்ற கேஸையும் இதே வழியில தள்ளி விட்டாங்க, அந்தச் சட்டத்துக்கு இந்த வழி பொருந்தவே பொருந்தாது. வருஷக்கணக்கா யாரும் நிறுத்தல. லண்டன்ல இந்த மூடின கதவு விசாரணைகளைப் பத்தி விடாம எழுதிட்டு வந்தவர் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையோட கோர்ட் நிருபர் டிரிஸ்டன் கிர்க். கடைசில 2024 ஆகஸ்ட்ல வெஸ்ட்மின்ஸ்டர் கோர்ட்ல தலைமை மாஜிஸ்ட்ரேட் பால் கோல்ட்ஸ்பிரிங், அப்படி நடந்த கேஸ் எல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டார். சுமார் 74,000 பேர். ஒவ்வொரு பேப்பரையும் ஒரு மாஜிஸ்ட்ரேட் பார்த்துத்தானே கையெழுத்து போட்டிருப்பார்? எதிர்ல ஒரு ஆள் நின்னு "ஐயா, இந்தச் சட்டத்துல இப்படி கேஸ் போட முடியுமா"ன்னு கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கேட்க யாருமே இல்லாத இடத்துல தப்பு இப்படித்தான் 74,000 தடவை நடக்கும்.

பையன் விஷயத்துல கேஸ் பைலா கேஸ்தான், அதனால அந்தத் தீர்ப்பு அவனுக்கு உதவாது. உதவினது ஸ்டாட்யுட்டரி டெக்ளரேஷன். பேரைக் கேட்டா மிரட்சியா இருக்கும், விஷயம் சிம்பிள். "இப்படி ஒரு கேஸ் நடந்ததே எனக்குத் தெரியாது, இன்ன தேதியிலதான் தெரிஞ்சுது"ன்னு சத்தியப்படி ஒரு வாக்குமூலம். தெரிஞ்ச நாள்ல இருந்து 21 நாளைக்குள்ள குடுக்கணும், இந்த 21ஐ மறந்துடாதீங்க, தீர்ப்பு தேதியில இருந்து இல்ல, உங்களுக்குத் தெரிஞ்ச தேதியில இருந்து. லேட்டாயிட்டாலும் நியாயமான காரணம் இருந்தா கோர்ட் ஏத்துக்கலாம், ஆனா அதை நம்பி உட்காராதீங்க. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு ஃபோனோ மெயிலோ போட்டு தேதி வாங்கலாம், இல்ல சொலிசிட்டர் (வக்கீல்) முன்னாடி கையெழுத்து போட்டு அனுப்பலாம், அதுக்கு சட்டப்படி கட்டணம் 5 பவுண்டு. பொய் சொன்னா அது தனி குற்றம், அதனால நோட்டீஸ் கைக்கு வந்து பிரிச்சுப் பார்த்தவங்க இந்த வழிக்குப் போகவே கூடாது. பார்த்தேன் ஆனா ஆஸ்பத்திரியில இருந்தேன், இல்ல புரியாம தப்பா கில்ட்டின்னு போட்டுட்டேன்னா அதுக்கு கேஸை மறுபடி திறக்கச் சொல்லி கேட்கற வழி தனியா இருக்கு, அதுல முடிவு கோர்ட் கையில.

நானும் கூடப் போனேன். அரை நாள் லீவு. பையன் இருக்கறதுல நல்ல சட்டையை அயர்ன் பண்ணி போட்டுட்டு வந்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம், கையில பழைய வீட்டு டெனன்சி முடிஞ்ச பேப்பர், புது வீட்டு கவுன்சில் டாக்ஸ் பில். உள்ள கூப்பிட்டு எழுதிக் குடுத்ததை வாசிக்கச் சொன்னாங்க. முதல் வரியில குரல் வரல. அந்தம்மா சட்ட ஆலோசகர், பரவாயில்ல மெதுவா வாசிங்கன்னு தண்ணி குடுத்தாங்க. வாசிச்சான், கையெழுத்து போட்டான், அந்த நிமிஷமே தண்டனை, ஃபைன், வீட்டுக்கு ஆள் அனுப்பற வேலை எல்லாம் செல்லாததாயிடுச்சு. அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இதனால கேஸ் போயிடாது. தண்டனை போகும், குற்றச்சாட்டு அப்படியே இருக்கும், முதல்ல இருந்து ஆரம்பிக்கும். இவன் நாட் கில்ட்டின்னு சொன்னான். சார்ஜ் இல்லாத ஃபோன் டிக்கெட் இல்லாததுக்குச் சமம்னுதான் அவங்க ரூல், அதனால உறுதியா ஜெயிப்போம்னு நான் நினைக்கல. வண்டி ஏறறதுக்கு முன்னாடியே வாங்கினதுக்கான மெயிலை நேரத்தோட பிரிண்ட் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினோம். கேஸை வாபஸ் வாங்கறோம்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு. இதே மெயிலை முதல் லெட்டர் வந்தப்பவே குடுத்திருப்பான், லெட்டர் கைக்கு வந்திருந்தா.

டிக்கெட் காட்டலைன்னா தண்டனைதானே, இதுல என்ன நியாயம் பேசறீங்கன்னு கேட்பீங்க. டிக்கெட் இல்லாம போறவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கல, தினமும் காசு குடுத்து நின்னுக்கிட்டே போறவ நான். ஆனா நிஜமாவே ஏமாத்தினவனா இருந்தாலும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம குற்றவாளின்னு எழுதக்கூடாது. மாட்டினவன் குடுத்த பேரும் அட்ரஸும் வேற யாரோடதோ ஆகிப்போய், அந்த ஸ்டேஷன் பக்கமே போகாதவங்க பேர்ல தண்டனை விழறதும் நடக்குது. ஆள் வரல, பதிலும் வரலைன்னா அந்த அட்ரஸ்ல அவன் இருக்கானான்னு ஒரு தடவை பார்க்கட்டும். ஃபைன் வசூல் பண்ண ஆளைத் தேடிப் பிடிக்கத் தெரியுது இல்ல, அதே தேடலைத் தீர்ப்புக்கு முன்னாடி பண்ணட்டும். நான் கேட்கறது இவ்வளவுதான்.

வீடு மாறுற பசங்களுக்கு, பழைய அட்ரஸுக்கு வர்ற லெட்டர் புது வீட்டுக்கு வர்ற மாதிரி போஸ்ட் ஆபீஸ்ல ரீடைரக்‌ஷன் போடுங்க, காசு ஆகும், ஆனாலும் போடுங்க. செக் பண்றவர் அட்ரஸ் எழுதினதுக்கு அப்புறம் மாறினீங்கன்னா அந்த கம்பெனிக்கு நீங்களே மெயில் போட்டு புது அட்ரஸ் சொல்லிடுங்க. பழைய வீட்டுக்கு மாசம் ஒரு தடவை போய் ஷூ ரேக்கைப் பாருங்க. இப்படி ஒரு லெட்டர் கையில வெச்சுக்கிட்டு யார்கிட்ட சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தா இன்பாக்ஸ் வாங்க, என்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதுங்கற தேதியை முதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு வாங்க.