வகுத்தல் கணக்கும் வயிற்றெரிச்சலும்

பெங்களூரு பீன்யாவில் லேத்துப் பட்டறை நடத்தும் எங்கள் முதலாளிக்கு, உழைப்பின் உற்பத்தித்திறன் என்றால், மாதக் கடைசியில் அனுப்பிய உருப்படிகளை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது மட்டுமே. எத்தனை மணி நேர உழைப்பில் எத்தனை நல்ல உருப்படிகள் தேறின என்பதல்லவா கணக்கு? மின்சாரம் போய் இயந்திரங்கள் நின்ற நேரம், இரும்புக் கம்பி வராமல் கைகட்டி உட்கார்ந்திருந்த நேரம், அடுத்த வேலைக்காக டூல் மாற்றி செட்டிங் செய்த நேரம் ஆகிய எல்லாம் தொழிலாளியின் சோம்பலாகவே எழுதப்படுகின்றன.

சின்ன புஷ்ஷும் (வளையம் போன்ற சிறு உருப்படி) நாள் முழுவதும் கடைய வேண்டிய தண்டும் கணக்கில் தலா ஒரே உருப்படியாம்! கூட்டிப் பெருக்கும் அம்மாவும் இரவுக் காவலரும் வகுக்கும் எண்ணில் தவறாமல் நிற்கிறார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற சட்ட வரம்பைத் தாண்டிய ஓவர்டைம் மட்டும் எங்கும் காணோம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதை மறுபடி கடைந்து கொடுத்தால், அது இரண்டாம் முறையும் உற்பத்தியில் சேர்ந்துவிடும் (இந்த மாயத்தை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை).

கணினி கட்டுப்பாட்டில் தானே கடையும் புதிய சிஎன்சி இயந்திரம் வந்ததும் எண் எகிறியது. பாராட்டு யாருக்கு, அதை இயக்கியவருக்கா? கடன் வாங்கிக் கொடுத்த ஆடிட்டருக்கு!