புனித சூசையப்பர் கல்லூரி போர்த்துக்கேயர் கட்டியதா?

மேலே ஒரு தம்பி, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கியது, தடித்த சுவரும் வளைவுமே சாட்சி என்று எழுதியிருக்கிறார். அதைப் பலர் பகிர்ந்தும் விட்டார்கள். கோபிக்க வேண்டாம் தம்பி, அது சரியில்லை.

கல்லூரி தொடங்கியது 1867இல், ஆங்கிலேயர் ஆட்சியில். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1624இல். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். ஆக மொத்தம் பதினைந்து வருசம்! அதன்பின் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து வைத்திருந்தவர்கள். அவர்கள் காலத்தில் இப்படி ஒரு கத்தோலிக்கப் பள்ளி நடந்திருக்க வழியே இல்லை. திருகோணமலை மறைமாவட்டம் உருவானதுகூட 1893இல்தான், பள்ளிக்கும் பிந்தி.

குழப்பம் பிரெட்ரிக் கோட்டையால் வந்திருக்கலாம், மேலே சொன்ன போர்த்துக்கேயர் கோட்டைக்கு இன்றைய பெயர் அதுதான். அதன் வாசல் கல்லில் பாண்டியர் சின்னமான இரட்டை மீன் இன்றும் தெரியும். கோணேசர் கோயிலை இடித்த கல்லால் போர்த்துக்கேயர் கட்டிய இடம் அது. தடித்த சுவரும் வளைவும் ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களிலும் தாராளமாக உண்டு, அதை வைத்து வயது சொல்ல முடியாது.

சரிபார்ப்பது லேசு. 1624, 1639 இரண்டும் இலங்கை வரலாற்று நூல்களில் இருக்கும். கல்லூரியின் ஆண்டுக்கு, வீட்டில் பழைய மாணவர் இருந்தால் அவரிடம் நூற்றாண்டு எப்போது வந்தது என்று கேளுங்கள்: 1967.